அப்பாயியின் தோள் ஏன் வெட்டுப்படுகிறது? பிரிண்டுக்குப் படம் எடுப்பவர்களுக்கு விகிதக் கணக்கு

போன் திரையில் பார்க்கும்போது எல்லாப் படமும் சரியாகத்தான் இருக்கும். தங்கச்சியின் கலியாணப் படத்தையோ தோட்டத்துக் கோயில் தேரையோ டவுன் ஸ்டூடியோவில் கொடுத்து, எட்டுக்குப் பத்து அங்குலத்தில் பெரிதாக்கி வாங்கும்போதுதான் விஷயம் தெரியும். வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அப்பாயியின் தோளைக் காணோம். தேரின் கலசத்தைக் காணோம். ஸ்டூடியோவில் யாரும் வேண்டுமென்று வெட்டவில்லை. கமெரா தந்த படத்தின் வடிவம் ஒன்று, தாளின் வடிவம் வேறு. இரண்டும் பொருந்தாதபோது படத்தில் ஏதோ ஒரு பகுதி போகத்தான் வேண்டும். எது போகலாம் என்று நீங்கள் முடிவு செய்யாவிட்டால், இயந்திரம் படத்தை நடுவில் வைத்து இரண்டு ஓரத்தையும் வெட்டிவிடும்.

இதைத் தவிர்க்கப் பெரிய கணக்கு எதுவும் தேவையில்லை. ஒரு வகுத்தல், அப்புறம் படம் எடுக்கும்போது கொஞ்சம் பின்னால் நகர்ந்து நிற்கும் பழக்கம், அவ்வளவுதான். புதிய லென்ஸ் வாங்குவதற்கு முன்னால் இதைப் பழகிக்கொள்ளுங்கள் என்றுதான் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வேன். மலையகத்து வீடுகளில் சுவரில் மாட்டிய ஒரு படத்துக்கு இருக்கும் மதிப்பு போனுக்குள் கிடக்கும் ஆயிரம் படங்களுக்கு இல்லை. அந்த ஒரு படம் முழுதாக இருக்க வேண்டும்.

1. உங்கள் கமெராவின் வடிவத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

விகிதம் என்றால் படத்தின் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள பொருத்தம். படம் எவ்வளவு பெரியது என்பது வேறு விஷயம். 4×6, 8×12, 12×18 மூன்றும் வெவ்வேறு அளவுகள், ஆனால் வடிவம் ஒன்றே. 4×6 படத்தை மூன்று மடங்காக்கினால் அப்படியே 12×18 வந்துவிடும், எதுவும் வெட்டுப்படாது.

கனோன், நிக்கோன், சோனி ஆகியவற்றின் லென்ஸ் மாற்றக்கூடிய வழக்கமான கமெராக்கள் 3:2 வடிவத்தில் படம் எடுக்கின்றன. இது பிலிம் காலத்திலிருந்து வருவது. ஜெர்மனியில் ஒஸ்கார் பார்னாக் சினிமா பிலிமை வைத்துச் சின்னக் கமெரா செய்தபோது, 18×24 மில்லிமீற்றர் சினிமாச் சட்டம் இரண்டைச் சேர்த்து 24×36 ஆக்கினார். அது லைக்கா என்ற பெயரில் 1925இல் விற்பனைக்கு வந்தது. இன்றைய கமெராக்களும் அந்த வடிவத்தை விடவில்லை.

போன் வேறு மாதிரி. அதன் சென்சார் (ஒளியைப் படமாகப் பதியும் பகுதி) பெரும்பாலும் 4:3. ஒலிம்பஸ் (இப்போது ஓஎம் சிஸ்டம்), பானசோனிக் நிறுவனங்களின் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கமெராக்களும் அப்படியே. 3:2ஐவிட இது கொஞ்சம் குட்டை.

போனில் படம் எடுப்பவர்கள் உடனே செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. கமெரா செட்டிங்ஸைத் திறந்து விகிதம் எதில் இருக்கிறது என்று பாருங்கள். 4:3, 16:9, 1:1, ‘ஃபுல்’ என்று இருக்கும். பலர் திரை நிறையத் தெரிகிறதே என்று ‘ஃபுல்’லில் விட்டுவிடுகிறார்கள். பிரிண்டுக்கு அதைப் போலக் கெடுதல் வேறில்லை. 12 மெகாபிக்சல் போன் 4:3இல் 4000×3000 புள்ளிகள் (பிக்சல்) தருகிறது. திரை 20:9 என்றால் ‘ஃபுல்’லில் மேலும் கீழும் வெட்டி 4000×1800 மட்டும்தான் சேமிக்கும். நூற்றுக்கு நாற்பது போய்விட்டது. அந்தப் படத்தை 4×6 தாளில் போடும்போது இரண்டு முனையிலும் வெட்ட வேண்டி வரும், மிஞ்சுவது 2700×1800. அதே காட்சியை 4:3இல் எடுத்து 4×6க்கு வெட்டினால் 4000×2667 மிஞ்சும், இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே போனை 4:3இலேயே வையுங்கள். அகலமான படம் வேண்டுமென்றால் பிறகு வெட்டிக்கொள்ளலாம். வெட்டி எடுத்ததை ஒட்ட முடியாது.

2. தாளின் வடிவத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

நீளப் பக்கத்தைக் குட்டைப் பக்கத்தால் வகுங்கள். வருகிற எண்தான் வடிவம்.

4×6, 8×12, 12×18, 16×24, 20×30: 1.5
5×7: 1.4
ஏ4, ஏ3: 1.41
6×8: 1.33
8×10, 12×15, 16×20: 1.25

எட்டுக்குப் பத்து ஏன் இவ்வளவு குட்டை என்று கேட்கலாம். துணி போர்த்திக்கொண்டு எடுக்கும் பழைய பெரிய கமெராக்களின் பிலிம் தகடு 4×5, 8×10 அங்குலமாக இருந்தது. ஃபிரேம் செய்பவர்களும் தாள் செய்பவர்களும் அந்த அளவைப் பிடித்துக்கொண்டார்கள். கமெரா மாறிவிட்டது, ஃபிரேம் மாறவில்லை. கடையில் தொங்கும் ஆயத்த ஃபிரேம்களில் 8×10, 12×15 இன்றும் ஏராளம். நம்மை அதிகம் படுத்தும் தாளும் இதுதான்.

3. எந்தப் பக்கம் வெட்டுப்படும் என்று கண்டுபிடியுங்கள்

எவ்வளவு வெட்டுப்படும் என்பதைவிட எந்தப் பக்கம் என்பதுதான் முக்கியம். படத்தின் எண் தாளின் எண்ணைவிடப் பெரியதென்றால், படம் தாளைவிட நீண்டது. அப்போது நீளவாக்கில் இரண்டு முனையும் போகும். படத்தின் எண் சிறியதென்றால் அகலவாக்கில், அதாவது படுக்கைப் படத்தில் மேலும் கீழும் போகும்.

கமெராவின் 3:2 படத்தை (1.5) எட்டுக்குப் பத்தில் (1.25) போட்டால் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு போகிறது. நடுவில் வைத்து வெட்டினால் ஒவ்வொரு முனையிலும் பன்னிரண்டில் ஒரு பங்கு. போனின் 4:3 படத்தை 4×6இல் போட்டால் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போகிறது. தலைக்கு மேலே கொஞ்சம், காலடியில் கொஞ்சம். 5×7 இரண்டுக்கும் நடுவே நிற்பதால் கமெராப் படத்திலும் போன் படத்திலும் சிறிதளவே கேட்கும். பரிசாகக் கொடுக்கும் சின்னப் படங்களுக்கு எனக்குப் பிடித்த அளவு அது.

போனில் எடுத்ததை வெட்டாமல் போட வேண்டுமா? 6×8 கேளுங்கள். 6×8க்கும் போனுக்கும் ஒரே வடிவம்.

4. குடும்பப் படம்

நல்ல நாளில் லயத்து வாசலில் கதிரைகளைப் போட்டு எல்லோரையும் வரிசையாக வைத்து எடுக்கும் படம்தான் நம் வீடுகளில் அதிகம் பெரிதாக்கப்படுவது. அதையே எடுத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம்.

ஒன்பது பேர் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். நீங்கள் 3:2 கமெராவில், ஓரம் முதல் ஓரம் வரை அவர்கள் நிறைகிற மாதிரி எடுக்கிறீர்கள். ஒவ்வொருவரும் படத்தின் நீளத்தில் ஒன்பதில் ஒரு பங்கைப் பிடிக்கிறார்கள். 4×6இல் எல்லோரும் இருப்பார்கள். எட்டுக்குப் பத்தில் ஒவ்வொரு முனையிலும் பன்னிரண்டில் ஒரு பங்கு போகிறது. கணக்குப் போட்டால், முனையில் நிற்பவரின் முக்கால் பங்கு போய்விடுகிறது. நம் வழக்கத்தில் முனையில் யார் இருப்பார்கள்? கதிரையைத் தள்ளிப் போட்டு உட்காரவைத்த அப்பாயி, கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்கும் மருமகள், கடைசி நிமிடத்தில் ஓடி வந்து சேர்ந்த பையன். வெட்டுப்படுவது எப்போதும் அவர்கள்தான்.

செய்ய வேண்டியது இது. வரிசையின் இரு முனையிலும் ஓர் ஆள் நிற்கும் அளவு இடத்தை வெறுமையாக விடுங்கள். ஒன்பது பேருக்கு இரண்டு பக்கமும் ஓர் ஆள் இடம் விட்டால் மொத்தம் பதினொரு பங்கு. அதில் பன்னிரண்டில் ஒன்று என்பது ஓர் ஆளுக்குச் சற்றுக் குறைவு. விட்ட இடம் மட்டும்தான் வெட்டுப்படும், ஆட்கள் தப்பித்துவிடுவார்கள். பத்துப் பேர் வரைக்கும் இந்த ஒரு விதி போதும்.

அதற்கு மேல் ஆட்கள் என்றால் ஒரே வரிசையைக் கைவிடுங்கள். பெரியவர்கள் கதிரையில், நடுவயதுக்காரர்கள் பின்னால், சின்னப் பிள்ளைகள் முன்னால் தரையில் என்று மூன்று அடுக்காக்கினால் கூட்டமே எட்டுக்குப் பத்தின் குட்டை வடிவத்துக்கு வந்துவிடும். முகங்களும் பெரிதாக விழும். லயத்து வாசலில் நீளத்துக்கு இடம் இருக்கும், பின்னால் நகரத்தான் இடம் இருக்காது. எதிரே தண்ணீர் ஓடும் கானும் அதை ஒட்டி மண்மேடும் வந்துவிடும். அங்கே ஒற்றை வரிசையை முழுதாக அடக்க லென்ஸை மிக அகலமாக்கினால் முனையில் இருப்பவர்களின் உடம்பு இழுபட்டுப் பெருத்துத் தெரியும். அடுக்காக நிறுத்துவது இந்தத் தொல்லைக்கும் மருந்து.

போனில் எடுத்து 4×6 போடுவதாக இருந்தால் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் இடம் விடுங்கள். நெடிய மாப்பிள்ளை தலைப்பாகையோடு நிற்கிறார் என்றால் தலைப்பாகைக்கு மேலே இன்னொரு தலைப்பாகை அளவு வெறும் இடம் தெரிந்தால் போதும்.

இந்த இடத்தைக் கண் அளவில் கணிக்கத் தடுமாறுபவர்களுக்கு ஒரு வழி. சில கமெராக்களின் மெனுவில் 5:4 (எட்டுக்குப் பத்தின் வடிவம்), 4:3 போன்ற வடிவங்களுக்குக் கோடு காட்டும் வசதி உண்டு. அதைப் போட்டுக்கொள்ளலாம். இல்லாவிட்டால், 3:2 படம் முழுத்திரையாகத் தெரியும் மூன்று அங்குலத் திரையில், இரு முனையிலும் 5 மில்லிமீற்றர் அகலத்துக்கு ஒளி ஊடுருவும் டேப்பை ஒட்டிவிடுங்கள். டேப்புக்குள் வருவது எட்டுக்குப் பத்தில் போகும். கொஞ்ச நாளில் கண் பழகிவிடும், டேப்பைப் பிய்த்துவிடலாம்.

ஒன்று சொல்ல வேண்டும். படத்தை இறுக்கமாக எடு, தேவையில்லாததை விடு என்று பாடம் சொல்வார்கள். சரிதான், ஆனால் எந்தத் தாளுக்கு என்று தெரிந்தால் மட்டும். தெரியாதபோது ஒரே காட்சியை இரண்டு முறை எடுங்கள். ஒன்று இறுக்கமாக, இன்னொன்று தாராளமாக. ஸ்டூடியோவில் இரண்டாவதுதான் கைகொடுக்கும்.

5. கூட்டப் படம் எடுத்த கையோடு தனிப் படம்

மலையகத்தில் பல வீடுகளில் பெரியவர் ஒருவர் போன பிறகுதான் பெரிய படம் தேடுவார்கள். இருப்பது அடையாள அட்டைப் படம், அல்லது கலியாணக் கூட்டப் படத்தில் இரண்டாவது வரிசையில் ஒரு முகம். அந்த முகத்தை வெட்டி 12×15இல் போடச் சொல்லி ஸ்டூடியோவில் கொடுப்பார்கள்.

அதன் கணக்கைப் பாருங்கள். 24 மெகாபிக்சல் கமெராவில் 6000×4000 புள்ளிகள். ஒன்பது பேர் வரிசையில் ஓர் ஆளுக்கு 600 புள்ளிகளுக்குச் சற்று அதிகம். தலையும் தோளுமாக வெட்டினால் 600×750. தெளிவான பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்பது வழக்கமான அளவு. சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்கும் பெரிய படத்துக்கு 200 இருந்தாலும் நன்றாக வரும். 600 புள்ளிகளை 12 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 50தான். கண்ணும் மூக்கும் மெழுகாகிவிடும். ஸ்டூடியோக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இல்லாத புள்ளியை அவரால் கொண்டுவர முடியாது.

அதனால் கூட்டப் படம் முடிந்ததும் கலைந்து போக விடாமல், பெரியவர்கள் ஒவ்வொருவரையும் தனியாக ஒரு படம் எடுத்துவிடுங்கள். அன்றைக்கு நல்ல சேலை கட்டியிருப்பார்கள், தலை வாரியிருப்பார்கள், முகத்திலும் சந்தோஷம் இருக்கும். “எனக்கெதுக்கு சாமி படம்” என்பார்கள். “ஒரு நிமிசம் இருங்க அப்பாயி” என்று சொல்லி எடுத்துவிட வேண்டியதுதான். கமெராவை நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள். வாசலின் கூரை நிழலுக்குள், வெளிச்சம் முன்னாலிருந்து முகத்தில் விழுகிற மாதிரி நிறுத்துங்கள். மலையில் மேகம் மூடிய நாளின் வெளிச்சம் இதற்கு அருமையானது, கண்ணுக்குக் கீழே கருநிழல் விழாது.

12×15உம் குட்டை வடிவம்தான். நெட்டுக்குத்து 3:2 படத்தில் மேலும் கீழும் சேர்த்து ஆறில் ஒரு பங்கு போகும். ஆகவே தலைக்கு மேலே நன்றாக இடம் விட்டு, கீழே இடுப்பு வரை வரவிட்டு எடுங்கள். பிறகு தலையும் தோளுமாகவும் வெட்டலாம், மடியில் கை வைத்திருப்பது தெரிகிற மாதிரியும் போடலாம். நெஞ்சு வரை இறுக்கி எடுத்துவிட்டால் அந்தத் தெரிவு கையைவிட்டுப் போய்விடும்.

6. மலை, நீர்வீழ்ச்சி, கோபுரம், பாலம்

நம் பக்கத்துக் காட்சிகள் ஒன்று நெட்டையாக இருக்கும், இல்லாவிட்டால் நீளமாக இருக்கும். எட்டுக்குப் பத்துக்குப் பொருந்துகிற காட்சி குறைவு.

ஹட்டனிலிருந்து நுவரெலியா போகும் வீதியில் தலவாக்கலைப் பக்கம் இரண்டு நீர்வீழ்ச்சிகளைப் பார்க்கலாம். டெவோன் 97 மீற்றர், ஒடுங்கி நெட்டாக விழுகிறது. சென் கிளேயர் 80 மீற்றர், அகன்று படிப்படியாக இறங்குகிறது. டெவோனை நெட்டுக்குத்தாக 3:2இல் எடுத்து 12×18 போட்டால் அப்படியே பொருந்தும். அதையே 16×20இல் கேட்டால் மேலோ கீழோ போக வேண்டும். தண்ணீர் விளிம்பைத் தாண்டும் இடமும், கீழே பாறையில் விழும் இடமும் இரண்டும் இருந்தால்தான் அது நீர்வீழ்ச்சி. ஆகவே விளிம்புக்கு மேலே வானமோ காடோ ஒரு பட்டை விட்டு எடுங்கள். போனில் நெட்டுக்குத்தாக எடுத்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. 4×6க்கோ 12×18க்கோ போகும்போது பக்கவாட்டில்தான் வெட்டுப்படும், தண்ணீருக்கு ஒன்றும் ஆகாது. சென் கிளேயருக்கு 5:4 கூடப் பொருந்தும். சுற்றியுள்ள தேயிலையை எவ்வளவு காட்ட ஆசை என்பதைப் பொறுத்தது.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் ராஜகோபுரம் 108 அடி. வீதியிலிருந்து அண்ணாந்து எடுத்தால் மேலே குறுகிச் சாயும். அந்தச் சாய்வை மென்பொருளில் நிமிர்த்தலாம், ஆனால் நிமிர்த்தும்போதும் ஓரங்கள் போகும். தாளுக்காக ஒருமுறை, நிமிர்த்துவதற்காக ஒருமுறை என்று இரண்டு வெட்டு. கலசத்துக்கு மேலேயும் இரு பக்கமும் வழக்கத்தைவிட அதிகமாகவே இடம் விட வேண்டும். தேருக்கும் இதே கதைதான்.

எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே இருக்கும் ஒன்பது வளைவுப் பாலத்தை எடுக்காதவர்கள் இப்போது யாருமில்லை. 1921இல் திறந்த பாலம், ஏறத்தாழ 91 மீற்றர் நீளம், 24 மீற்றர் உயரம். அதாவது உயரத்தைப் போல நான்கு மடங்குக்குக் கொஞ்சம் குறைவான நீளம். நேர் பக்கத்திலிருந்து ஒன்பது வளைவும் ஓரம் முதல் ஓரம் வரை வர எடுத்து எட்டுக்குப் பத்து போட்டால், குடும்பப் படத்தில் ஒன்பது பேருக்கு நடந்தது இங்கேயும் நடக்கும். முழுதாக மிஞ்சுவது ஏழு வளைவு. பாலத்தை எண்ணிப் பார்க்கிற பிள்ளை நிச்சயம் கேட்கும். இதற்கு 3:2 தாள்தான் சரி. மேலேயுள்ள தேயிலைச் சரிவிலிருந்து பாலம் வளைந்து வருகிற மாதிரி எடுத்தால் பாலம் சுருங்கித் தெரியும், 5:4இலும் அடங்கும். கோச்சி வருகிற நேரத்தில் எடுப்பதாக இருந்தால் எஞ்சினுக்கு முன்னால் இடம் விடுங்கள். வெட்டும்போது பின்னாலிருந்து வெட்டிக்கொள்ளலாம்.

ஹப்புத்தளைக்கு மேலே லிப்டன் சீட்டில் நின்று பார்க்கும் மலைத்தொடர் எந்தச் சாதாரணத் தாளிலும் அடங்காது. அதற்கு ஒரு சிக்கனமான வழி இருக்கிறது. 6000×4000 படத்தில் வானத்தையும் கீழ்ச் சரிவையும் வெட்டி 6000×2000 ஆக்குங்கள், 3:1 வடிவம். இப்படி இரண்டு படத்தை ஒரே 12×18 தாளில் மேலும் கீழுமாக வைத்துப் பிரிண்ட் எடுத்து நடுவில் வெட்டினால், 6×18 அங்குலத்தில் இரண்டு நீளப் படங்கள். ஒரு தாளின் காசுதான். அங்குலத்துக்கு 333 புள்ளி வருவதால் கிட்ட நின்று பார்த்தாலும் இலை தெரியும்.

மூடுபனி இருக்கும் நாளில் வேலை இன்னும் சுலபம். பனி மூடிய பக்கத்தில் தாராளமாக இடம் விட்டு எடுங்கள். எந்தத் தாளுக்கு வெட்டினாலும் அந்தப் பக்கத்திலிருந்து வெட்டிக்கொள்ளலாம், படம் குறைந்ததாகத் தெரியாது.

7. வெட்டுவதை நீங்களே செய்யுங்கள்

ஸ்டூடியோவுக்குப் போகும் முன் வீட்டிலேயே வெட்டிவிடுங்கள். ஸ்னாப்சீட், லைட்ரூம் போன்ற செயலிகளில் வெட்டும் கருவியைத் திறந்தால் விகிதங்கள் வரிசையாக இருக்கும். 4×6க்கும் 12×18க்கும் 3:2, 5×7க்கு 7:5, 8×10க்கும் 12×15க்கும் 5:4. விகிதத்தைத் தெரிவு செய்துவிட்டுச் சட்டத்தை நகர்த்துங்கள். நடுவிலேயே விட வேண்டும் என்றில்லை. இடது முனையில் மாமரமும் வலது முனையில் அப்பாயியும் இருந்தால் மாமரம்தான் போகலாம்.

வெட்டியதைத் தனிப் பிரதியாகச் சேமியுங்கள், மூலப் படம் அப்படியே இருக்கட்டும். இன்னொரு நாள் இன்னோர் அளவு கேட்பார்கள்.

வெட்டும்போது முகத்தையோ கையையோ விளிம்போடு ஒட்டவிடாதீர்கள். ஓரம் இல்லாமல் அச்சிடும் இயந்திரங்கள் படத்தைத் தாளைவிடக் கொஞ்சம் பெரிதாக்கித்தான் போடும். சுற்றிவர ஒன்றிரண்டு மில்லிமீற்றர் அதில் போகும்.

8. ஸ்டூடியோவில் சொல்ல வேண்டியவை

படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும், நீளப் பக்கம் 1600 புள்ளி அளவுக்கு இறங்கிவிடும். 4×6க்கு அது எப்படியோ ஒப்பேறும். 12×18க்கு அங்குலத்துக்கு 90 புள்ளி கூட வராது. அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் ‘டாக்கியுமென்ட்’டாக அனுப்புங்கள், மூலக் கோப்பு அப்படியே போகும். பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுப்பது இன்னும் நிம்மதி.

கொடுக்கும்போது அளவை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். வெட்டலாமா கூடாதா என்பதையும் சொல்லுங்கள். “அண்ணே, படத்த வெட்டாம முழுசா போடுங்க, ஓரத்துல வெள்ளை வந்தா பரவால்ல” என்றால் படம் முழுதாகத் தாளுக்குள் அடங்கும், இரண்டு பக்கம் வெள்ளைப் பட்டை இருக்கும். “நானே வெட்டிக் கொண்டாந்திருக்கேன், எட்டுக்குப் பத்துக்குச் சரியா இருக்கும்” என்றால் தாள் நிறைய வரும். இரண்டும் சொல்லாவிட்டால் இயந்திரத்தின் இஷ்டம். அவசரத்தில் சில இடங்களில் மூன்றாவதாக ஒன்றும் செய்வார்கள். வெட்டாமல், வெள்ளையும் விடாமல், படத்தை ஒரு பக்கம் இழுத்துத் தாளில் நிரப்பிவிடுவார்கள். முகங்கள் அகன்றோ நீண்டோ தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது. திரையில் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு அச்சிடச் சொல்லுங்கள். அதைக் கேட்பதில் தப்பே இல்லை, காசு கொடுப்பது நீங்கள்.

பெரிய அளவில் எடுப்பதற்கு முன் அதே வெட்டில் சின்னதாக ஒன்று எடுத்துப் பார்ப்பது நல்லது. 12×18க்கு 4×6, 16×20க்கு 8×10. வடிவம் ஒன்றே என்பதால் பெரியதில் என்ன வரும் என்று சின்னதிலேயே தெரிந்துவிடும்.

9. ஃபிரேம் போடும்போது

ஃபிரேமின் உள்விளிம்பு படத்தின் மேல் கொஞ்சம் ஏறி உட்காரும். ஒவ்வொரு பக்கமும் சுமார் 5 மில்லிமீற்றர் மறையலாம். 12×18இல் அது தெரியாது, 4×6இல் நன்றாகவே தெரியும். சின்ன ஃபிரேமில் போகும் படத்துக்கு இன்னும் கொஞ்சம் ஓரம் விட்டு வெட்டுங்கள்.

கையில் இருக்கும் ஃபிரேமும் படமும் பொருந்தவே இல்லையென்றால் மவுண்ட் அட்டை போடச் சொல்லுங்கள். நடுவில் சன்னல் வெட்டிய தடித்த அட்டை அது. 12×18 ஃபிரேமுக்குள் 8×12 படத்தை வைத்தால் பக்கத்தில் இரண்டு அங்குலமும் மேலும் கீழும் மூன்று அங்குலமும் அட்டை தெரியும். அந்தச் சன்னலை எந்த வடிவத்திலும் வெட்டலாம். போனின் 4:3 படமோ, லிப்டன் சீட்டின் 3:1 படமோ, எதையும் வெட்டாமல் எந்த ஃபிரேமிலும் வைத்துவிடலாம். மவுண்ட் போட்டால் தாள் ஓர் அளவு சின்னதாகிறது என்ற குறை உண்டு. குடும்பப் படத்துக்கு அந்தக் குறையை நான் ஏற்றுக்கொள்வேன், முனையில் இருப்பவரை வெட்டுவதைவிட அது மேல்.

மவுண்டுக்கு நம் ஊரில் இன்னொரு பயனும் உண்டு. நுவரெலியா, ஹட்டன், கொட்டகலைப் பக்கம் மாதக்கணக்கில் சுவர் ஈரமாகவே இருக்கும். கண்ணாடியோடு நேராக ஒட்டி வைத்த படம் ஈரத்தில் கண்ணாடியில் பிடித்துக்கொள்ளும். பிறகு கழற்றினால் மேற்பூச்சு உரிந்து வரும். மவுண்ட் அட்டை படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே சின்ன இடைவெளி விடுகிறது. மவுண்ட் வேண்டாம் என்பவர்கள், கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே ஓரங்களில் மெல்லிய அட்டைப் பட்டை வைக்கச் சொல்லுங்கள். மாட்டும்போது ஃபிரேமின் பின்பக்கக் கீழ் மூலைகள் இரண்டிலும் ரப்பர் துண்டோ தக்கையோ ஒட்டுங்கள், சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றுப் போகும். அடுப்படிச் சுவரையும், மழை அடிக்கும் பக்கத்துச் சுவரையும் விட்டுவிட்டு உள்சுவரில் மாட்டுங்கள்.